இணையத்துக்கு ஒரு குடிமராமத்து

எங்க பெரியப்பா தெருக்கூத்தில் கட்டியங்காரன் வேஷம் கட்டுகிறவர். இடையஞ்சாவடி சுத்துப்பட்டில் தொடங்கி, வானூர், மயிலம் தாண்டி, கிழக்கே மரக்காணம் வரைக்கும் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் அவர் குரல் விடியவிடியக் கேட்கும். கட்டியங்காரனுக்கு எழுதி வைத்த வசனம் கம்மி. துரியோதனன் சபைக்கு வருகிறான் என்று அறிவிப்பதும் அவன்தான், அந்தத் துரியோதனனையே கிண்டலடிப்பதும் அவன்தான். நடுவில் ரேஷன் கடை அரிசி வரும், பஞ்சாயத்து எலெக்‌ஷன் வரும், முன்வரிசையில் பாயைப் போட்டுத் தூங்குகிற மாமா ஒருத்தர் பெயரும் வரும். அந்தப் பேச்சு அந்த ராத்திரியோடு போய்விடும். அடுத்த ஊரில் அதே கர்ண மோட்சம்தான், ஆனால் பேச்சு வேற.

அதனால்தான் 2014 வாக்கில் எங்க அண்ணன் செல்போனில் அவரைப் பிடிக்க ஆரம்பித்தது. பெரிய சமூக வலைத்தளம் ஒன்றில் ஊர்ப் பெயரில் ஒரு பக்கம் திறந்து, துண்டு துண்டாகப் போட்டது. பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம், அவ்வளவுதான். ஆனால் சிங்கப்பூரில் இருக்கிறவர்கள் பார்த்தார்கள், துபாயில் இருக்கிறவர்கள் பார்த்தார்கள். 2019-ல் பெரியப்பா இறந்த பிறகு, அவர் குரலைக் கேட்க வேறு இடமில்லாமல் நாங்களும் பார்த்தோம். 2021 ஆடி மாசம் ஒரு நாள் காலையில் அந்தப் பக்கம் இல்லை. 'சமூக நெறிகளை மீறியதால் நீக்கப்பட்டது' என்று ஒரு வரி இருந்தது. எந்த வீடியோ, எந்த நெறி, யார் புகார் கொடுத்தது, எதுவும் இல்லை. மேல்முறையீடு என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினோம். ரெண்டு நாள் கழித்து அதே வரி திரும்ப வந்தது.

பெரியம்மாவுக்கு இதைப் புரியவைக்கத்தான் எனக்கு ரொம்ப நேரம் ஆனது. "சரி கண்ணு, பூட்டுட்டாங்க. எந்த ஆபீஸ்ல போயி கேக்கணும்?" என்று கேட்டது.

எனக்குப் பதில் தெரியவில்லை. ரேஷன் கார்டு என்றால் வானூர் தாலுகா ஆபீஸ். கரண்ட் என்றால் ஈபி ஆபீஸ். கோயில் தகராறு என்றால் ஊர்ப் பெரியவர்கள், அதுக்கு மேல் போலீஸ் ஸ்டேஷன். பெரியப்பா குரலைப் பூட்டி வைத்திருக்கிற இடத்துக்கு எந்த பஸ் போகும்? அந்த வரியில் 'சமூகம்' என்று ஒரு வார்த்தை இருந்ததே, அதுதான் என்னை ரொம்ப நாள் உறுத்தியது. கூத்து பார்த்தவர்கள், வரி கொடுத்தவர்கள், விடியவிடிய உட்கார்ந்தவர்கள், வேஷம் கட்டியவர்கள், எல்லாரும் இங்கே இருக்கிறோம். நாங்கள் இல்லாமல் அது எந்தச் சமூகம்? நெறியை யார் எப்போது உட்கார்ந்து பேசி எழுதினார்கள்?

இந்தக் கட்டுரை அந்தப் பக்கத்தைப் பற்றியது மட்டும் இல்லை. பெரியம்மா கேட்ட கேள்வியைப் பற்றியது. இணையம் யாருடையது, அதில் நமக்குப் பங்கு இருக்கிறதா, இருந்தால் அந்தப் பங்கை எப்படிக் கேட்டு வாங்குவது?

*

எங்க ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இடையஞ்சாவடி செம்மண் மேட்டில், ஆரோவில்லை ஒட்டி இருக்கிறது. முந்திரித் தோப்பு, பனை, மழை பெய்தால் ரத்தமாக ஓடுகிற வாய்க்கால். 1968-ல் ஆரோவில் வந்த பிறகு எங்க ஊர் ஜனங்களில் பாதிப் பேருக்கு வேலை அங்கேதான். அம்மாவும் அங்கேதான் போனது. ஜெர்மன்காரர், பிரெஞ்சுக்காரர் வீட்டு மேசையில் கம்ப்யூட்டர் இருந்த காலத்தில் எங்க தெருவில் போன் வைத்திருந்த வீடு ஒன்றோ ரெண்டோ. இணையம் எங்களுக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்தது, ஆனால் ரொம்ப நாள் எங்களிடம் இல்லை.

கிழக்கே இறங்கினால் கடல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சுமார் முப்பது கிலோமீட்டர் போனால் மரக்காணம் உப்பளம். எங்க சித்தி ஒருத்தர் அங்கே வாழ்க்கைப்பட்டுப் போனதால் சின்ன வயசிலிருந்து அந்தப் பாத்திகளைப் பார்த்திருக்கிறேன். தை, மாசியில் பாத்தி மிதித்துச் சீர் பண்ணி, உப்புத் தண்ணியை ஒரு பாத்தியிலிருந்து இன்னொரு பாத்திக்கு விட்டு விட்டு, வெயிலில் வற்ற வைத்து, பலகையால் வாருவார்கள். ஐப்பசி மழை வந்தால் எல்லாம் முடிந்தது. சித்தி சொல்லும்: "கடலு எல்லாருக்கும் பொதுதான். பாத்தியில வந்துட்டா அப்புறம் அது பாத்திக்காரனுது." வாருகிறவருக்குக் கிடைப்பது நாள் கூலி.

இணையத்தைப் பற்றி யோசிக்கும்போது எனக்குச் சித்தியின் பேச்சுதான் முன்னால் வரும். 1993 ஏப்ரல் 30-ஆம் தேதி, ஜெனீவா பக்கத்தில் இருக்கிற செர்ன் ஆய்வுக்கூடம், டிம் பெர்னர்ஸ்-லீ அங்கே உருவாக்கிய உலகளாவிய வலையின் மென்பொருளை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல், அனுமதி கேட்காமல் பயன்படுத்தலாம் என்று எழுதிக் கொடுத்தது. அதுதான் கடல். யாரும் இறங்கலாம். அப்புறம் வந்தவர்கள் ஓரத்தில் பாத்தி கட்டினார்கள். நம்ம போட்டோ, நம்ம பேச்சு, நம்ம பாட்டு எல்லாம் அந்தப் பாத்திக்குள் போனது. உப்பு நம்முடையதுதான். வாருவதும் நாம்தான், கூலிகூட இல்லாமல். பாத்தி மட்டும் வேறு ஆளுடையது.

*

இப்படித்தான் ஆகியிருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எங்க பக்கத்திலேயே வேறு மாதிரி ஒரு தொடக்கம் இருந்தது.

1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் ஒரு தலைமை மையம். அங்கிருந்து கிராமங்களுக்கு போன் லைனை நம்ப முடியாததால் கம்பியில்லா ரேடியோ வழியாகத் தகவல் போனது. கரண்ட் போனால் சோலார். எம்பலத்தில் மையம் கோயில் கட்டடத்திலேயே இருந்தது. இடத்தை ஊர் கொடுக்க வேண்டும், நடத்துகிற ஆட்களை ஊரிலிருந்தே எடுக்க வேண்டும், சாதி பார்க்காமல் யாரும் உள்ளே வர முடிய வேண்டும். இந்த மூன்றும் நிபந்தனை. ஊர் மையங்களில் நிறையப் பேர் பெண்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வீராம்பட்டினம். அது மீனவர் ஊர். அவர்களுக்கு வேண்டியது நாளைக்குக் கடல் எப்படி இருக்கும் என்பது. அமெரிக்கக் கடற்படை தன் இணையதளத்தில் அலை உயர முன்னறிவிப்பைப் பொதுவில் போட்டுக்கொண்டிருந்தது. வில்லியனூரில் இருந்தவர்கள் அதை எடுத்து, தமிழில் ஆக்கி, வீராம்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். அங்கே கடற்கரையில் கட்டிய ஒலிபெருக்கியில் அது வாசிக்கப்பட்டது. வலை பின்னிக்கொண்டே கேட்டார்கள். யாருக்கும் பாஸ்வேர்டு இல்லை. யார் எத்தனை நிமிஷம் கேட்டார்கள் என்று யாரும் கணக்கு எடுக்கவில்லை.

இதில் ரெண்டு முனை இருக்கிறது. ஒரு முனையில், உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்த தகவல். இன்னொரு முனையில், அதைத் தன் தேவைக்கு, தன் பாஷைக்கு மாற்றிக்கொண்ட ஊர். ஒரு முனை இல்லாவிட்டாலும் ஒலிபெருக்கி பேசியிருக்காது.

2004 டிசம்பர் 26 அன்று இது உயிர் காத்தது. நல்லவாடு கிராமத்து இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தார். டிவியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு போன் பண்ணினார். செய்தி தெரிந்ததும் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் 'எல்லாரும் ஓடுங்க' என்று சொன்னார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் இருந்த ஊர் தப்பித்தது. வீடு போனது, படகு போனது, ஆள் போகவில்லை. அந்த ஒலிபெருக்கியைச் சுனாமிக்காக யாரும் கட்டவில்லை. மீன் விலைக்கும் அலைக்கும் கட்டியது. ஊர்க்காரர்களே தினமும் பயன்படுத்தி, பழுது பார்த்து வைத்திருந்ததால் அன்றைக்கு அது வேலை செய்தது.

*

நான் காலேஜில் படித்தபோது இந்தப் பேச்சு வேறு வடிவில் வந்தது. 2015 மார்ச்சில் டிராய் ஒரு ஆலோசனை அறிக்கை வெளியிட்டது. சில செயலிகளுக்கு ஒரு விலை, மற்றவற்றுக்கு வேறு விலை என்று தொலைபேசிக் கம்பெனிகள் வைக்கலாமா என்பதும் அதில் இருந்த கேள்விகளில் ஒன்று. நூறு பக்கத்துக்கு மேல் இங்கிலீஷ். சாதாரண ஜனங்கள் படிக்கிற மாதிரி இல்லை. தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்து அதைச் சுருக்கி, பதிலையும் எழுதி வைத்து, ஒரு பொத்தானை அழுத்தினால் டிராய்க்குப் போகிற மாதிரி ஒரு தளம் செய்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேல் மெயில் போனது. அதில் ஒன்று நான் புதுச்சேரியில் ஒரு பிரவுசிங் சென்டரில் இருந்து அனுப்பியது.

அந்த வருஷக் கடைசியில் பேஸ்புக் 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்ற திட்டத்துக்கு ஊரெல்லாம் விளம்பரம் வைத்தது. ஏழைகளுக்கு இலவச இணையம் என்று சொன்னார்கள். ஆனால் இலவசம் என்பது அவர்கள் தேர்ந்தெடுத்த சில தளங்களுக்கு மட்டும். வெளியே போக வேண்டும் என்றால் காசு. எதிர்த்தவர்களைப் பார்த்து 'ஏழைக்குக் கிடைப்பதைத் தடுக்கிறீர்களா?' என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வலித்தது. ஏனென்றால் அந்த ஏழை நாங்கள்தான். அப்பாவிடம் சொன்னபோது, "சும்மா குடுக்கறான்னா எதையோ எடுத்துக்கப் போறான்னு அர்த்தம்" என்று முடித்துவிட்டார். 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் அப்படிப்பட்ட பாரபட்சக் கட்டணத்துக்குத் தடை போட்டது. 2018-ல் மத்திய அரசு இணையச் சமத்துவ விதிகளை ஏற்றுக்கொண்டது. உலகத்தில் பல நாட்டுக்காரர்கள் இந்தியாவைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள்.

ஜெயித்தோம். சந்தேகமே இல்லை. ஆனால் அதே 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. மாதக்கணக்கில் இலவச டேட்டா. எங்க தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் போன் வந்தது. சட்டப்படி இணையம் முழுசும் திறந்து கிடந்தது. நாங்கள் எல்லாரும் போய் நாலு செயலிக்குள் உட்கார்ந்தோம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எங்க ஜனங்கள் அங்கேதான் இருந்தார்கள், அதனால் போனோம். ஊர்ப் பக்கம் அங்கேதான் திறக்கப்பட்டது. பஞ்சாயத்துத் தண்ணி எத்தனை மணிக்கு வரும், யார் வீட்டில் சாவு, கூத்து எந்த நாள், எல்லாம் அங்கேதான்.

வாசலைப் பூட்டக் கூடாது என்று சட்டம் வாங்கிவிட்டோம். வாசலுக்கு வெளியே நமக்கென்று என்ன கட்டி வைத்திருக்கிறோம் என்பது அடுத்த கேள்வி. அதற்கு டிராய் பதில் சொல்ல முடியாது.

*

எங்க மாவட்டம் ஏரி மாவட்டம். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் என்று கணக்கு சொல்வார்கள். அவற்றில் நிறைய இந்த வடமாவட்டங்களில்தான். எங்க பக்கத்து ஏரித் தண்ணி ஒன்றிலிருந்து ஒன்றாகக் கலங்கல் வழிந்து, கடைசியில் கழுவேலியில் போய்ச் சேரும். 2021-ல் பறவைகள் சரணாலயம் என்று அறிவித்தார்களே, அந்தக் கழுவேலிதான். மழைக்கு முன்னால் வரத்து வாய்க்காலைத் தூர் எடுக்காவிட்டால் ஏரிக்குத் தண்ணி வராது. கரையில் எலி வளை போட்டிருந்தால் அடைக்க வேண்டும். மதகு சரியாக இருக்க வேண்டும். இதை ஊரே கூடிச் செய்வதற்குக் குடிமராமத்து என்று பெயர்.

இந்த வார்த்தை இப்போது நிறையப் பேருக்கு 2017-ல் அரசு திரும்பத் தொடங்கிய திட்டத்தின் பெயராகத்தான் தெரியும். பழசு அது. ஏரியின் பயன் யாருக்கெல்லாம் உண்டோ அவர்கள் உழைப்பைக் கொடுக்க வேண்டும். உழைப்பைக் கொடுத்தவர்களுக்குத் தண்ணீரில் பேச்சு உண்டு. ஏரி பொது என்று கல்வெட்டில் எழுதி வைத்தால் மட்டும் பொதுவாக இருந்துவிடாது. ஒரு பத்து வருஷம் தூர் எடுக்காமல் விட்டால், அது பொதுவாகவும் இருக்காது, ஏரியாகவும் இருக்காது. முதலில் கருவேலம் வரும், அப்புறம் பட்டா வரும்.

திறந்த இணையத்துக்கும் இதுதான் கதை என்று நான் நினைக்கிறேன். 'திறந்த' என்பதை நாம் ஒரு தடவை கிடைத்துவிட்டால் போதும் என்கிற உரிமையாகப் பார்க்கிறோம். அது வருஷா வருஷம் செய்ய வேண்டிய வேலை. செய்யாவிட்டால் தூர்ந்துபோகும்.

ஆனால் குடிமராமத்தைப் பொற்காலம் மாதிரிப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஊர் கூடி வேலை செய்தது என்றால், ஊரில் யார் மண் சுமந்தது, யார் கரைமேல் குடை பிடித்துக்கொண்டு நின்றது என்றும் கேட்க வேண்டும். வடமாவட்டங்களில் மதகு திறந்து வயலுக்குத் தண்ணி பாய்ச்சும் நீர்கட்டி வேலை பல ஊர்களில் தலித்துகளுடையது. தண்ணி பங்கு போடுவது அவர்கள் கை, நிலம் வேறு ஆளுடையது. 1858-ல் வெள்ளைக்காரன் மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம் என்று ஒன்று போட்டான். கரை உடைப்பைத் தடுக்க ஜனங்களைக் கட்டாயமாக வேலைக்குக் கூப்பிடலாம், வழக்கமான மராமத்து வேலைக்கு வராதவர்களிடம் பணம் வசூலிக்கலாம் என்றது அது. கட்டாயம் வந்ததும் அது கூடிச் செய்கிற வேலை இல்லை, வெட்டி வேலை.

இணையத்தில் 'சமூகப் பங்கேற்பு' என்று யாராவது சொன்னால் இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. நாம் போடுகிற விமர்சனம், திருத்துகிற வரைபடம், எழுதுகிற பதில் எல்லாமே பங்கேற்புதான். ஆனால் அதில் கிடைக்கிற தண்ணி யார் வயலுக்குப் போகிறது? மண் சுமக்கிறவருக்குத் தண்ணியில் பேச்சு இருக்கிறதா? இருந்தால் குடிமராமத்து. இல்லை என்றால் வெட்டி.

*

தமிழில் இந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகத்தின் பல மூலையில் இருந்த தமிழர்கள் சங்க நூல்களை ஒவ்வொரு வரியாகத் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். அப்போது தமிழுக்கு ஒழுங்கான எழுத்துரு முறைகூட இல்லை. ஒருத்தர் அனுப்பியது இன்னொருத்தர் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்றைக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள். ஒரு பைசா சம்பளம் இல்லாமல் பள்ளிக்கூட வாத்தியார், ஓய்வு பெற்றவர், மாணவி என்று பலர் எழுதியது. 2013-லிருந்து கட்டற்ற தமிழ் மின்னூல்களை வெளியிடுகிறவர்கள், எழுத்தாளர்களிடம் பேசி, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் புத்தகங்களை வாங்கி எல்லாருக்கும் தருகிறார்கள்.

நூலகம் திட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் போயின. பல சுவடிகளுக்கு வேறு பிரதி இல்லை. 2005-ல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துப் புத்தகம், பத்திரிகை, துண்டுப் பிரசுரம், கோயில் மலர், பள்ளிக்கூட மலர் வரைக்கும் ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் பண்ணி இணையத்தில் வைக்கிறது. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருந்தால் என்ன ஆகும் என்பதை நெருப்பில் தெரிந்துகொண்ட சமூகம் அது. ஒரு கம்பெனியின் கணக்குக்குள் ஒரே பிரதியாக இருக்கிற எங்க ஊர் நினைவுகளையும் அந்தப் பயத்தோடுதான் பார்க்க வேண்டும்.

எங்க மாவட்டத்திலேயே விழுப்புரம் க்னூ/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. கட்டற்ற மென்பொருளைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அப்படி ஒரு வகுப்பில் உட்கார்ந்துதான் என் தோழி ஒருத்தி முதன்முதலாக லினக்ஸ் போட்டாள். "கம்ப்யூட்டர் என்ன சொல்லுதோ அதை நாம கேக்கறதுன்னு நெனச்சிருந்தேன்டி. நாம சொல்றதை அது கேக்கணுமாம்" என்று வந்து சொன்னாள். கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன என்று இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

*

பக்கம் போன பிறகு நாங்கள் செய்தது ரெண்டு வேலை.

முதல் வேலை, பெரியப்பா குரலைத் தேடியது. அண்ணன் போனில் சிலது இருந்தது. மீதிக்கு ஊர் ஊராகப் போனோம். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் வீடியோ எடுக்கிற ஸ்டூடியோக்காரர் ஒருத்தர் பழைய டிவிடி ஒரு மூட்டை கொடுத்தார். பாதி கீறல். செல்போன் கடையில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுக்கிற பையன் ஒருத்தன் கூத்து ஆடியோவைத் தனி ஃபோல்டராக வைத்திருந்தான். மரக்காணம் சித்தி வீட்டுப் பக்கத்தில் உப்பள வேலைக்குப் போகிற ஒரு அக்கா, விடியற்காலை நடந்து போகும்போது கேட்பதற்காகப் போனில் பதினெட்டாம் போர் முழுசும் வைத்திருந்தார். முழு ராத்திரி, ஆறு மணி நேரத்துக்கு மேல். எங்க பக்கத்தில் இருந்த துண்டுகளைவிட அதுதான் நல்ல பதிவு. ஜனங்களிடம் இருந்தது. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சேர்த்ததை என்ன செய்வது என்று உட்கார்ந்து பேசினோம். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்று லாப நோக்கம் இல்லாத நூலகம் ஒன்று இருக்கிறது, 1996-லிருந்து நடக்கிறது, அங்கே போடலாம், யாரும் இறக்கிக்கொள்ளலாம் என்றேன். பெரியப்பாவோடு ஆடிய கூத்து வாத்தியார் ஒருத்தர் கேட்டார்: "யாரு வேணா எடுத்துக்கலாம்னா, சினிமாக்காரன் எடுத்து அவன் பாட்டுன்னு போட்டுக்கினா?"

சரியான கேள்வி. 'திறந்த' என்ற வார்த்தையை இணையத்தில் கேட்கிறவர்களுக்கு அது இனிக்கும். வாங்குகிற ராத்திரிக் கூலியைத் தவிர வேறு எதுவும் இல்லாத கலைஞருக்கு அது இன்னொரு பாத்தி மாதிரித் தெரியும். உரிமங்களைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், பெயர் சொல்ல வேண்டும் என்றால் இது, வியாபாரத்துக்குக் கூடாது என்றால் இது என்று வாசித்துக் காட்டினேன். மூன்று நாள் பேச்சு. குழுவின் பெயரும் ஆடினவர் பெயரும் சொல்ல வேண்டும், காசு பண்ணக் கூடாது, பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. கர்ண மோட்சத்தில் சாவு வீட்டுக்கென்று பாடுகிற ஒரு பகுதியை மட்டும் போட வேண்டாம் என்றார்கள். "அது துக்க வீட்டுல பாடறது. சும்மா கேக்கறதுக்கு இல்ல." போடவில்லை. திறந்தது என்றால் எல்லாவற்றையும் கொட்டுவது இல்லை என்பதை அவர்களிடம்தான் கற்றுக்கொண்டேன். எதைத் திறப்பது என்று முடிவெடுக்கிற உரிமை யாரிடம் இருக்கிறது என்பதுதான் விஷயம். ஆர்க்கைவில் ஒரு பிரதி, ஊர் லைப்ரரி கம்ப்யூட்டரில் ஒரு பிரதி, வாத்தியார் வீட்டு பென்டிரைவில் ஒரு பிரதி என்று இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது.

ரெண்டாவது வேலை, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கிய வரைபடம். விக்கிப்பீடியா மாதிரி யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், திருத்தலாம், எடுத்துப் பயன்படுத்தலாம். 2015 சென்னை வெள்ளத்தின்போது எந்தத் தெருவில் தண்ணி நிற்கிறது என்று ஜனங்களே குறித்தது இந்த வரைபடத்தின் மேல்தான். எங்க பக்கத்தைத் திறந்து பார்த்தால் வெளிநாட்டுக்காரர் போய் வருகிற பாதைகள், தங்கும் விடுதி, காபிக் கடை எல்லாம் நுணுக்கமாக இருந்தது. சுத்துப்பட்டு ஊர்களுக்கு மெயின் ரோடு ஒரு கோடு. காலனிப் பக்கம் வெறும் வெள்ளை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு நடந்தோம். கைப்பம்பு, மேல்நிலைத் தொட்டி, அங்கன்வாடி, சுடுகாட்டுக்குப் போகிற வழி, மழையில் தண்ணி நிற்கிற இடம். தெருப் பெயர் வந்ததும் நின்றுவிட்டது. ஒரு ஊரில் பெரியவர் ஒருத்தர் சாதிப் பெயரோடு தெருப் பெயரைச் சொன்னார். கூட வந்த பெண் பிள்ளை, பத்தாவது படிப்பவள், "எங்க தெருவுக்கு நாங்க வெச்ச பேரு அது இல்ல தாத்தா" என்றது. அவர் முறைத்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கம்பெனி வரைபடம் என்றால் அந்தப் பெயரை யாரோ எங்கேயோ தட்டியிருப்பார்கள், அதுவே நிலைத்திருக்கும். இங்கே அந்தத் தெருவில் இருப்பவர்களிடமே கேட்டோம். அம்பேத்கர் தெரு என்று சொன்னார்கள். அப்படியே போட்டோம். அந்தப் பிள்ளையே தட்டச்சு செய்தது.

இதெல்லாம் சின்ன வேலை என்று தெரியும். இதனால் எந்தப் பெரிய கம்பெனியும் ஆடிப்போகவில்லை. நாங்களும் அந்தச் செயலிகளை விட்டு வந்துவிடவில்லை. கூத்து என்றைக்கு என்பது இன்னும் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. விட்டுவிட்டு வா என்று சொல்வது ஊரைவிட்டு வா என்று சொல்வது மாதிரி. சின்னச் சின்ன சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற மாஸ்டடான் போன்றவை இருக்கின்றன, நல்ல யோசனைதான். ஆனால் பெரியம்மா அங்கே வந்து யாரோடு பேசும்? அதனால் நான் முழுசாக வெளியே வருவதைப் பற்றி யோசிப்பதில்லை. தொலையக் கூடாதது எதுவோ அதற்கு வெளியேயும் ஒரு பிரதி, நமக்குப் பேச்சு இருக்கிற ஒரு இடத்தில் இருக்க வேண்டும். இப்போதைக்கு இவ்வளவு முடியும்.

ஆயாசமும் இருக்கிறது. பத்துப் பேரில் தொடர்ந்து வருவது மூன்று பேர். பெண் பிள்ளைகளை வெயிலில் சுற்ற விட மாட்டார்கள். ஆண் பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுவார்கள். நாங்கள் எழுதியதையும் படம் பிடித்ததையும் யாரோ ஏஐ கம்பெனிக்காரர் கேட்காமல் அள்ளிக்கொண்டு போகலாம் என்ற பேச்சும் இப்போது வந்துவிட்டது. "அப்புறம் எதுக்கு அக்கா போடணும்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நான் சொல்வது இதுதான்: ஏரியில் வெளியூர்க்காரன் லாரி விட்டுத் தண்ணி எடுக்கிறான் என்பதற்காக ஏரியைத் தூர்த்துவிட மாட்டோம். லாரியை நிறுத்தச் சண்டை போடுவோம். தூரும் எடுப்போம். ரெண்டும் ஒரே ஊர் செய்ய வேண்டிய வேலை.

இதைப் படிக்கிற நீங்கள் உங்க ஊர்ப் பெயரைத் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு தடவை தேடிப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று வரி இருக்கும்: எந்த மாவட்டம், எந்த வட்டம், மக்கள்தொகை எவ்வளவு. ஏரி பெயர் இருக்காது. யார் கட்டியது, எந்தச் சாமிக்கு எந்த மாசத்தில் திருவிழா, எந்த வருஷம் பெரிய வெள்ளம், முதல் பள்ளிக்கூடம் எப்போது வந்தது, எதுவும் இருக்காது. அதெல்லாம் உங்க ஆயாவுக்குத் தெரியும். ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அச்சில் ஆதாரம் இருப்பது விக்கிப்பீடியாவுக்குப் போகட்டும். வாய்மொழியாக மட்டும் இருப்பதை அவர் சம்மதத்தோடு பதிவு செய்து வேறு பொது இடத்தில் வையுங்கள். முதல் நாளே ஏரி நிறையாது. மழைக்கு முன்னால் ஆளுக்கு ரெண்டு கூடை மண் என்றுதான் எப்போதும் கணக்கு.